கையொப்பமிட்ட தாய்

கர்ணன் போர்க் கூத்தை விடிய விடியக் கண்விழித்துப் பார்த்த ஊர்கள் எமது நாட்டிலே பல உண்டு. சனங்களின் கண்களில் நீர் வரவழைப்பது போர்க்களக் காட்சியன்று. குந்திதேவி தன் மகனைத் தேடி வரும் கட்டமே. பேழையில் வைத்து ஆற்றில் விட்ட பிள்ளை வளர்ந்து, அரசனாகி, போர் முரசு கொட்டும் வேளையிலே அவள் வருகிறாள். "நான் உன் தாய்" என்று சொல்ல அவளுக்கு அத்தனை ஆண்டுகள் பிடித்தன. சொல்ல வந்தபோதும் ஒரு வேண்டுகோளையும் கூடவே கொண்டுவந்தாள். வியாச பாரதத்தின்படி, கர்ணன் மாண்ட பின்னரே அவனுக்கு நீர்க்கடன் செய்யவேண்டும் என்று கேட்டுத் தன் ஏனைய மக்களிடம் உண்மையை வெளியிட்டாள். அதைக் கேட்ட தருமர், இனிப் பெண்களால் இரகசியம் காக்க முடியாமற் போகட்டும் என்று சபித்தாராம்.

வாசகர்களே, தருமரின் சாபம் உரிய இடத்தில் விழுந்ததா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. மணமாகாத பெண்ணொருத்தி பிள்ளை பெற்றால் அவளைத் தலைநிமிர்ந்து வாழவிடாத ஊரை அவர் சபிக்கவில்லை. அந்த ஊருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தவளையே சபித்தார்.

இதனை ஒத்த ஒரு கதை எமது காலத்திலே, அதுவும் எமது திருச்சபையின் கூரையின் கீழேயே நடந்தது. பிலோமினா லீ என்னும் பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2009இல் மாட்டின் சிக்ஸ்மித் என்ற பத்திரிகையாளர் அவரைப் பற்றி நூல் எழுதினார். 2013இல் அது திரைப்படமாயிற்று. படம் தன் வசதிக்காகச் சில காட்சிகளைக் கற்பனை செய்துகொண்டது. ஆகவே படத்தை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

1933இல் அயர்லாந்தின் லிமரிக் மாவட்டத்திலே பிறந்தவர் அவர். ஆறு வயதிலே தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்து, கன்னியர் நடத்திய பாடசாலையிலே வளர்ந்தார். பதினெட்டு வயதிலே வெளியுலகுக்கு வந்து, ஒரு களியாட்ட விழாவிலே ஓர் இளைஞனைச் சந்தித்து, கருவுற்றார். பிள்ளை எப்படி உண்டாகிறது என்பதைக்கூட எவரும் தமக்குச் சொல்லித் தந்ததில்லை என்று பிற்காலத்தில் அவரே கூறியுள்ளார். வீட்டார் அவரை றொஸ்கிறே என்னும் ஊரின் ஷோன் றொஸ் மடத்தில் சேர்த்தார்கள். மணமாகாத தாய்மாருக்கென ஒரு கன்னியர் சபை நடத்திய இல்லம் அது. 1952 யூலை 5ஆம் திகதி அங்கே அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. அந்தோனி என்று பெயரிட்டார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் மடத்தின் சலவைச்சாலையிலே கூலியின்றி வேலை செய்தார். தினமும் சிறிது நேரம் பிள்ளையோடு இருக்க விட்டார்கள்.

1955இல், இருபத்திரண்டு வயதிலே, ஒரு பத்திரத்தில் கையொப்பமிட்டார். பிள்ளை மீதுள்ள உரிமை முழுவதையும் என்றென்றைக்குமாகக் கைவிடுவதாகவும், இனி எக்காலத்திலும் அவனைப் பார்க்கவோ, அவன் விடயத்தில் தலையிடவோ, உரிமை கோரவோ முயல்வதில்லை என்றும் அதிலே எழுதியிருந்தது. அவ்வாண்டு டிசெம்பரிலே அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரத் தம்பதியர் அவனைத் தம் மகனாக ஏற்றனர். அவனை ஏற்றிய கார் புறப்பட்டபோது பின் கண்ணாடியூடாக அவன் திரும்பிப் பார்த்தது தாயின் கண்ணை விட்டு அகலவில்லை.

தாய் இங்கிலாந்து சென்றார். தாதியாகப் பணிபுரிந்தார், மணமுடித்தார், மேலும் பிள்ளைகளைப் பெற்றார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மூத்த மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகனோ மைக்கல் ஹெஸ் என்ற பெயரோடு வளர்ந்து, சட்டம் படித்து, குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவுக்குத் தலைமைச் சட்ட ஆலோசகராக உயர்ந்தார். தாயைத் தேடி அவர் றொஸ்கிறேக்குச் சென்றார். நோயுற்ற நிலையிலும் மீண்டும் சென்றார். ஒன்றும் தெரியாது என்ற பதிலே கிடைத்தது. மகனைத் தேடி அதே மடத்துக்குத் தாயும் சென்றார். அவருக்கும் ஒன்றும் சொல்லப்படவில்லை. 1995 ஓகஸ்ட் 15ஆம் திகதி, நாற்பத்து மூன்று வயதிலே, எயிட்ஸ் நோயினால் மகன் இறந்தார். தாம் பிறந்த மடத்து வளவிலேயே தம்மை அடக்கம் செய்யவேண்டும் என்பது அவருடைய இறுதி விருப்பம். பிறந்த திகதியும் பிறந்த இடமும் கல்லறைக் கல்லிலே பொறிக்கப்பட்டன. என்றைக்காவது தாய் வருவாள், வாசிப்பாள், அறிந்துகொள்வாள் என்று எண்ணினார்.

அவர் எண்ணியபடியே தாய் ஒருநாள் வந்தார். அவர்களுக்குக் கிடைத்த சந்திப்பு அந்தக் கல்லறையிலேதான்.

இதை வாசித்ததும் எவருக்கும் மனம் கலங்கும். ஆனால் மனம் கலங்குவதோடு நின்றுவிடாமல் ஒரு கேள்வியை எதிர்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். "கொடுத்தது கொடுத்ததுதானே, கையொப்பமும் வைத்தாயிற்று, பிறகென்ன தேடல்?" என்று கேட்பவர்கள் எமது ஊர்களிலும் உண்டு. கெட்ட மனதோடு அவர்கள் கேட்பதில்லை. சொன்ன சொல்லைக் காப்பது அறம் என்றுதான் நாமெல்லாம் படித்திருக்கிறோம். அப்படியானால் அந்தத் தாயின் கையொப்பம் அவரைக் கட்டுப்படுத்தியதா?

முதலிலே சுதந்திரம் பற்றிய விடயம். வற்புறுத்தலாலோ பேரச்சத்தாலோ கொடுக்கப்பட்ட சம்மதத்தினால் திருமணம் செல்லாது என்பது திருச்சபையின் சட்டம். இது புதிய சட்டமன்று. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலேயே இருந்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இருக்கிறது. பீடத்தின் முன்னே, சாட்சிகளின் முன்னே சொன்ன "சம்மதம்" என்ற வார்த்தையைக்கூட, அது பயத்திலே பிறந்ததென்றால் நாம் ஏற்பதில்லை. போக்கிடமின்றி, கையிலே காசின்றி, வீட்டுக் கதவும் அடைபட்ட நிலையில் ஓர் இளம்பெண் வைத்த கையொப்பத்தை மட்டும் என்றென்றைக்கும் மாறாததென எப்படி ஏற்றோம்? அதே குருமடங்களிலே அதே சட்டத்தைப் படித்தவர்கள்தாம் அக்காலத்து அயர்லாந்திலும் இருந்தார்கள். இந்த முரண்பாடு எவருக்கும் உறுத்தவில்லை என்பதே எனக்கு வியப்பு.

ஆனால் எல்லாத் தாய்மாரும் அப்படிக் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் அல்லர். தன்னால் வளர்க்க முடியாது என்று நன்கு யோசித்து, பிள்ளையின் நலனுக்காகவே கொடுத்தவர்கள் உண்டு. சாலமோன் மன்னனின் தீர்ப்பை நினைத்துப் பாருங்கள். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றவளையல்ல, அது உயிரோடிருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தவளையே மன்னன் தாய் என்றான். மோசேயின் தாயும் நாணற் பேழையிலே பிள்ளையை வைத்தவளே. ஆகவே தத்துக் கொடுப்பதே தவறென்று யாரும் என் எழுத்திலிருந்து விளங்கிக்கொள்ள வேண்டாம். சுதந்திரமாகக் கொடுத்த தாயும் பிற்காலத்திலே தேடலாமா என்பதே கடினமான கேள்வி.

குருமடத்திலே ஒழுக்கவியல் படித்தபோது இரகசியங்களை மூன்றாகப் பிரித்துக் கற்பித்தார்கள். வெளியிட்டால் பிறருக்குத் தீங்கு வரும் என்பதால் இயல்பாகவே காக்கவேண்டியவை. காப்பேன் என்று வாக்களித்ததால் காக்கவேண்டியவை. பதவியையும் தொழிலையும் நம்பி ஒருவர் ஒப்படைத்தவை. மூன்றாவதே மிகக் கடுமையானது. மருத்துவருக்கும் சட்டத்தரணிக்கும் உரியது அது. (பாவசங்கீர்த்தன முத்திரை இவை எல்லாவற்றுக்கும் மேலானது, அதை இங்கே கலக்க வேண்டாம்.) கூடவே இன்னொன்றும் கற்பித்தார்கள்: தனக்குரியதை மட்டுமே ஒருவர் வாக்களிக்கலாம், மற்றவருக்குரியதைத் தருவதாக அளித்த வாக்குக்குப் பெறுமதியில்லை.

இப்போது அந்தப் பத்திரத்தைத் திரும்பப் பாருங்கள். பிள்ளையை வளர்க்கும் கடமையையும் உரிமையையும் தாய் கொடுத்தார். அது அவருடையது, கொடுக்கலாம். இன்னார் வயிற்றிலே, இன்ன ஊரிலே, இன்ன நிலையிலே பிறந்தேன் என்ற உண்மை யாருடையது? தாயுடையது மட்டுமா? அது பிள்ளையினதுமாகும். மூன்று வயதிலே கையொப்பமிட அந்தோனியை யாரும் கூப்பிடவில்லை. பெரியவர்கள் மேசையைச் சுற்றி இருந்து பேசி, அங்கே இல்லாதவனின் பங்கையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு காணி உறுதியிலே இப்படிச் செய்திருந்தால் எமது சனங்கள் நீதிமன்றப் படி ஏறியிருப்பார்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. இரகசியம் காக்கப்படும் என்ற உறுதி இருந்தால்தான் பயந்த பெண் பிள்ளையைப் பெற்றெடுப்பாள். இல்லையேல் கருவிலேயே அழிப்பாள், அல்லது பற்றைக்குள் போடுவாள் என்பார்கள். பிரான்சிலே தாய் தன் பெயரைத் தெரிவிக்காமலே ஆஸ்பத்திரியிற் பிள்ளை பெறச் சட்டம் இடங்கொடுக்கிறது. அப்படிப் பிறந்த ஒருவர் தொடுத்த வழக்கிலே, 2003இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அச்சட்டத்தைப் பிழையென்று கூறவில்லை. உயிரைக் காப்பதற்கென்றால் இரகசியத்துக்கும் இடமுண்டு என்பதை நானும் ஏற்கிறேன். ஆயினும் அதே பிரான்ஸ் 2002இல் ஒரு சபையை நியமித்தது. பிள்ளை கேட்டால், அச்சபை தாயை அமைதியாகத் தேடிச் சென்று, "இப்போது சொல்ல விருப்பமா?" என்று வினவும். பத்தொன்பது வயதிலே பயந்தவள் அறுபது வயதிலும் பயந்துகொண்டே இருப்பாள் என்று நாம் ஏன் எண்ணவேண்டும்? பெரும்பாலும் நாம் காப்பது அவளுடைய மானத்தையல்ல, எங்களுடைய மானத்தையே. புனித அகுஸ்தீனார் தம் பாவங்களையெல்லாம் எழுதியவர். தம் மகன் அதேயோதாத்துசின் தாயின் பெயரை மட்டும் எழுதவில்லை. மகனை அவரிடம் விட்டுவிட்டு ஆபிரிக்காவுக்குத் திரும்பிய பெண் அவள். அவளைக் காக்கவே பெயரை மறைத்தார் என்பர். இருக்கலாம். பெயரைச் சொல்ல அவள் விரும்பினாளா என்று கேட்டார்களா என்பது ஏட்டிலே இல்லை.

தேடி வரும் பிள்ளைக்கு எது உரிமை, எது உரிமையன்று என்பதையும் பிரித்துப் பார்க்கவேண்டும். உண்மையை அறிவது உரிமை. தாய் கட்டியணைக்க வேண்டும், வீட்டிலே இருத்திச் சோறு போட வேண்டும், தன் கணவனுக்கும் மக்களுக்கும் முன்னே "இவன் என் பிள்ளை" என்று சொல்லவேண்டும் என்பவை உரிமையாகக் கேட்கத்தக்கவை அல்ல. அவை கொடுத்தாற் பெறவேண்டியவை. தாய்க்கும் அப்படியே. பிள்ளை உயிரோடிருக்கிறதா, நலமா என்று கேட்க அவளுக்கு உரிமையுண்டு; "அம்மா" என்று கூப்பிடு எனக் கேட்க உரிமையில்லை. அயர்லாந்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய இந்தக் கோட்டிலேயே நடக்கிறது. பதினாறு வயதை எட்டிய மகவேற்புப் பிள்ளை தன் பிறப்புச் சான்றிதழையும் பிறப்பு விபரங்களையும் முழுமையாகப் பெறலாம். பெற்றவர் தொடர்பை விரும்பவில்லை என்று பதிந்திருந்தால், அந்த விருப்பம் பிள்ளைக்கு எடுத்துக் கூறப்படும், விபரம் மறுக்கப்படாது. ஸ்கொட்லாந்து இவ்வுரிமையை 1930இலேயே கொடுத்தது. இங்கிலாந்து 1975ஆம் ஆண்டுச் சட்டத்தினால் கொடுத்தது. அந்நாடுகளிலே குடும்பங்கள் இதனால் இடிந்து விழவில்லை.

அயர்லாந்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு பிந்தியது? அந்நாட்டின் தாய்-சேய் இல்லங்கள் பற்றிய விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை 2021 சனவரியிலே வெளிவந்தது. ஆராய்ந்த பதினெட்டு நிறுவனங்களிலே ஏறத்தாழ 9,000 பிள்ளைகள் இறந்தனர் என்று அது கூறிற்று. பிரதமர் பாராளுமன்றத்திலே மன்னிப்புக் கோரினார். அவ்வில்லங்கள் பல கன்னியர் நடத்தியவை. கத்தோலிக்கப் பத்திரிகை இதை எழுதவேண்டுமா என்று சில வாசகர் கேட்கக்கூடும். மற்றவர்கள் எழுதி நாம் வாசிப்பதிலும், நாமே எழுதி வெட்கப்படுவது நல்லது என்பது என் எண்ணம். அந்தக் கன்னியரும் முழுக்கக் கொடியவர்கள் அல்லர். குடும்பங்கள் துரத்திய பெண்களுக்கு வேறு எவரும் கதவு திறவாத நாட்டிலே, அவர்கள் திறந்தார்கள். திறந்த கதவின் உள்ளே செய்ததுதான் குற்றம்.

பிலோமினா லீ மன்னித்துவிட்டார் என்று சொல்வார்கள். 2014 பெப்ரவரியிலே வத்திக்கானில் பாப்பரசர் பிரான்சிசையும் சந்தித்தார். மன்னிப்புக் கதைகள் எமக்குப் பிடிக்கும், மறையுரைக்கு உதவும். ஆனால் அவர் மன்னித்ததோடு நிற்கவில்லை. பதிவேடுகளைத் திறக்கவேண்டும் என்று மகளோடு சேர்ந்து பிரசாரம் செய்தார். மறையுரைகளிலே நாம் இந்தப் பாதியை விட்டுவிடுகிறோம்.

இனி எமது வீட்டுக்கு வருவோம். 1980களிலே இலங்கையிலிருந்து பல்லாயிரம் குழந்தைகள் ஐரோப்பாவுக்கு மகவேற்பிலே சென்றனர். பதினோராயிரம் வரை என்று மதிப்பிடப்படுகிறது. 2017இல் ஒல்லாந்துத் தொலைக்காட்சி இதை ஆராய்ந்தபோது வெளிவந்தவை பயங்கரமானவை. பொய்யான பிறப்பு ஆவணங்கள். பிள்ளை இறந்துவிட்டதென்று தாய்க்குச் சொல்லப்பட்ட சம்பவங்கள். குழந்தைகளைச் சேர்த்து வைத்த இடங்கள். பிள்ளையைக் கையளிக்கும்போது தாயாக நடிக்கக் காசு கொடுத்து அமர்த்தப்பட்ட பெண்களும் இருந்தனர். அன்றைய சுகாதார அமைச்சரும் இதை ஒப்புக்கொண்டார். 2020இல் சுவிற்சர்லாந்து அரசு வருத்தம் தெரிவித்தது. 2021இல் ஒல்லாந்து அரசு மன்னிப்புக் கோரியது.

அப்பிள்ளைகளுக்கு இன்று நாற்பது வயதுக்கு மேல். விடுமுறை எடுத்துக்கொண்டு, ஒரு பழைய பத்திரத்தின் பிரதியோடு வருகிறார்கள். பத்திரத்திலுள்ள பெயரை வைத்துத் தேடி ஒரு மூதாட்டியைக் கண்டுபிடிக்கிறார்கள். கட்டிப்பிடித்து அழுகிறார்கள். பின்னர் மரபணுப் பரிசோதனை செய்தால், அவள் தாயில்லை என்று தெரியவருவதுண்டு. நீதிமன்றத்திலே ஒரு நாள் தாயாக நின்றவள் அவள். வாசகர்களே, இதிலே யாரை நொந்துகொள்வது? வறுமையினால் நடித்தவளையா? அவள் கண்ணீரும் சில வேளை மெய்யாகவே இருந்திருக்கும். பெற்றவளோ வேறெங்கோ, பிள்ளை இறந்ததென்று நம்பி நாற்பது ஆண்டாக மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருக்கலாம். ஒரு பொய் ஆவணம் மூன்று பேருடைய வாழ்க்கையைக் கெடுத்திருக்கிறது.

1993ஆம் ஆண்டின் ஹேக் சமவாயத்தை முதலில் ஏற்ற நாடுகளில் இலங்கையும் ஒன்று; 1995இல் ஏற்றது. பிள்ளை பிறந்த பின்னரே தாய் சம்மதம் தரவேண்டும், அதற்குக் காசு கைமாறக் கூடாது, பிள்ளையின் பூர்வீகம் பற்றிய விபரங்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்பன அதன் விதிகள். விபரங்களைப் பாதுகாப்பது என்றால் பூட்டி வைப்பது என்று விளங்கிக்கொள்ளும் அலுவலகங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. எமது பங்குமனைகளும் அதற்கு விலக்கல்ல. தத்தெடுத்த பிள்ளையின் திருமுழுக்கைப் பதியும்போது வளர்ப்புப் பெற்றோரின் பெயரையும், நாட்டின் சிவில் பதிவிலே அப்படிச் செய்யப்படுமாயின் பெற்றவர்களின் பெயரையும் எழுதவேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 877ஆம் இலக்கம். அந்தப் புத்தகங்கள் கறையானுக்கும் போருக்கும் தப்பியவையாக அலுமாரிகளில் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து கேட்டால், "தொந்தரவு எதற்கு" என்று அலுமாரியைத் திறவாமல் அனுப்பிவிடுவது இலகு. எல்லாவற்றையும் அவருடைய கையிலே தூக்கிக் கொடுத்து, தாயின் வாசலுக்கு நேரே அனுப்பிவிடுவதும் இலகுதான். அது அவளுக்குச் செய்யும் துரோகம். கடினமானது நடுவழி. பதிவைப் பார்த்து, தாய் இருக்கிறாளா என்று விசாரித்து, அவள் தனியாக இருக்கும் வேளை பார்த்துப் போய், மெதுவாகக் கேட்பது. நாலைந்து முறை போகவேண்டியும் வரும். அதற்கு எமக்கு நேரமில்லை என்று மட்டும் சொல்லாதிருப்போம்.

வளர்த்தவர்களின் பயத்தையும் நான் அறிவேன். பெற்றவள் வந்தால் எங்கள் பிள்ளை எங்களை விட்டுவிடுமோ என்று பல நல்ல தம்பதியர், பிள்ளைக்கு உண்மையைச் சொல்லாமலே காலத்தைக் கடத்துகிறார்கள். கலியாணப் பேச்சின்போது யாரோ உறவினர் வாய்தவறிச் சொல்ல, பிள்ளை அறிகிறது. அப்போது அதை நோகடிப்பது தத்துப்பிள்ளை என்பதன்று. இத்தனை வருடமாக வீட்டிலே எல்லாருக்கும் தெரிந்தது தனக்கு மட்டும் தெரியவில்லை என்பதே. குந்தி வந்து தாய் என்று சொன்ன பிறகும் கர்ணன் தேரோட்டியின் வீட்டை மறுதலிக்கவில்லை. வளர்த்த இராதையின் பெயராலே இராதேயன் என்று அழைக்கப்படுவதையே பெருமையாகக் கொண்டான். உண்மை தெரிந்ததால் இராதை மகனை இழக்கவில்லை.

பங்குகளிலே பணிபுரிந்த குருக்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. ஆண்டுதோறும் ஒரே திகதியிலே, வயதான ஒரு தாய் பங்குமனைக்கு வருவார். பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பார். யாருக்காக, உயிரோடிருப்பவருக்கா இறந்தவருக்கா என்று கேட்டால், கொஞ்ச நேரம் பேசமாட்டார். "ஒரு கருத்துக்காக, சுவாமி" என்பார். எத்தனை வருடமாக அந்தத் திகதி என்று நான் கேட்டதில்லை. புத்தகத்திலே "சொந்தக் கருத்து" என்று எழுதிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறேன்.